கத்திரி வந்தாச்சு: எங்க வீட்டு நிலவரமும் இந்தக் கோடையில் பிடித்ததும்

வேப்பம்பூ (திருவான்மியூர்):

எல்லாருக்கும் வணக்கம். ஐப்பசி மழையில் நானும் இவரும் சேர்ந்து போட்ட நிலவரப் பதிவுக்கு அப்புறம் இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. "கோடைப் பதிவு எங்கே?" என்று தனிமடலில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கத்திரியே தொடங்கிவிட்டது, இனியும் தள்ளிப்போட முடியாது. வழக்கம்போல முதலில் நான், பின்னால் இவர்.

பெரியவள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். ரிசல்ட் வரும்வரை வீட்டில் அவள் ராஜ்யம்தான். மாமியார் தஞ்சாவூரில் இருந்து வந்திருக்கிறார். "எங்க ஊர் வெயில் காயவைக்கும், உங்க ஊர் வெயில் வேகவைக்கும்" என்பது அவர் கட்சி. வந்த மறுநாளே மொட்டைமாடிக்குப் போய்ப் பார்த்தார். "இவ்வளவு வெயிலையும் சும்மாவா விடுறது?" என்று கேட்டுவிட்டு அரிசியை ஊறப்போட்டார். ஆக, இந்தக் கோடையில் எனக்கு ரொம்பப் பிடித்தது வடாம். சாப்பிடுவதைவிட, போடுவது.

விடியற்காலை நாலரைக்கு உலை வைக்கிறோம். கொதிக்கிற தண்ணீரில் அரைத்த மாவைக் கரைத்து ஊற்றினால் முதலில் வெள்ளை வெளேரென்று இருக்கும். கை விடாமல் கிண்டக் கிண்ட வெள்ளை குறைந்து பளபளப்பு ஏறும். ஈரக் கையால் தொட்டுப் பார்த்து ஒட்டவில்லை என்றால் வெந்துவிட்டது. அரைத்த பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், உப்பு. இறக்கி ஆறியபிறகு எலுமிச்சைச் சாறு. உப்பு விஷயத்தில் மாமியார் சொல்வது இதுதான்: கூழில் சரியாக இருந்தால் வடாமில் கரிக்கும். தண்ணீர் வற்றிவிடும், உப்பு எங்கே போகும்? அதனால் நாக்குக்குக் கொஞ்சம் குறைச்சலாகத் தெரியவேண்டும்.

ஆறு மணிக்குள் பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மாடியில் விரித்து, அச்சில் போட்டுப் பிழிந்து முடித்துவிட வேண்டும். அதற்கு மேல் தரையில் கால் வைக்க முடியாது. சாயங்காலம் வேட்டியைத் திருப்பி, அடிப்பக்கம் தண்ணீர் தெளித்தால் ஒவ்வொன்றாக விட்டு வரும். மறுநாள் தாம்பாளத்தில் இன்னொரு வெயில் காட்ட வேண்டும். காக்காய் வராமல் இருக்கப் பக்கத்திலேயே ஒரு கறுப்புக் குடை விரித்து வைத்திருக்கிறோம். எங்கள் தெருக் காக்காய்கள் அதன் நிழலில் உட்கார்ந்து இளைப்பாறுகின்றன என்பது வேறு கதை.

இதில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. அச்சில் போட்டது போக பாத்திரத்தின் அடியில் ஒட்டிய கூழ் இருக்கிறதே, அதில் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுச் சுடச்சுடச் சாப்பிடுவது. பத்து மணிக்கு எழுந்திருக்கிற பெரியவள் அதற்காக ஐந்தரைக்குத் தட்டோடு வந்து நிற்கிறாள்.

மற்றபடி: கொசப்பேட்டையில் வாங்கிய குழாய் வைத்த மண்பானை, அதில் ஒரு கைப்பிடி வெட்டிவேர். காலையில் பழைய சோறு, மோர், சின்ன வெங்காயம். ராத்திரி மாடியில் பாய். இமாம்பசந்த். இவ்வளவுதான் என் பட்டியல். மாம்பழத்தில் இவருக்கு வேறு கட்சி, அவரே சொல்வார்.

கிழக்குக்காற்று (அதே வீடு):

என் பங்கு. வேலை நிலவரம்: வாரம் முழுக்க சோழிங்கநல்லூர் போகவேண்டும் என்று ஆகிவிட்டது. ஓ.எம்.ஆரில் மெட்ரோ இரண்டாம் கட்டத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. எந்த வாரம் எந்தப் பக்கம் திருப்பிவிடுவார்கள் என்று தெரியாது. அதனால் ஏழு மணிக்கே கிளம்பி, நாலு மணிக்குத் திரும்பிவிடுகிறேன். வெயிலுக்கும் அதுதான் தோது.

இந்தப் பருவத்தில் எனக்குப் பிடித்தது கடற்காற்று. பெயரிலேயே வைத்துக்கொண்டிருக்கிறேன், ஆச்சரியம் இல்லை. சென்னை வெயிலை வெப்பமானி பார்த்துச் சொல்லிவிட முடியாது, காற்று எப்போது உள்ளே வந்தது என்று கேட்கவேண்டும். காலையில் நிலம் சூடேறும், அதன் மேலுள்ள காற்று லேசாகி எழும்பும், அந்த இடத்துக்குக் கடல்மேல் இருக்கிற காற்று வரும். ஏப்ரலில் பெரும்பாலும் மதியத்துக்குள் வந்துவிடும். மே கடைசியில் மேற்கில் இருந்து வரும் தரைக்காற்று வலுத்து அதை வாசலிலேயே மறித்து நிற்கும். இரண்டு மணி, மூன்று மணி என்று தள்ளிக்கொண்டே போகும், சில நாள் வருவதே இல்லை. சூரியன் நம் உச்சிக்கு நேராக வந்து, நட்டக் குச்சிக்கு நிழலே விழாத நாள் ஏப்ரல் கடைசி வாரத்தில். ஆனால் ஊர் கொதிப்பது அதற்கு ஒரு மாதம் கழித்து. 2003-ல் 45 டிகிரி அடித்ததும் மே மாதக் கடைசியில்தான்.

நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் இரண்டு நிலையங்களின் அளவையும் தினமும் பார்ப்பேன். காற்று முதலில் நுங்கம்பாக்கத்தைத் தொடும், மீனம்பாக்கம் உள்ளே தள்ளி இருப்பதால் அங்கே பொதுவாகக் கூடுதல். ஆனால் என் வானிலைச் செயலிகள் எல்லாம் வடாமிடம் தோற்றுவிட்டன. பதினோரு மணிக்கு அதன் ஓரம் சுருண்டு நின்றால் தரைக்காற்று பலமாக இருக்கிறது என்று அம்மா சொல்லிவிடுகிறார். தொட்டால் மெத்தென்று இருந்தால் கடற்காற்று ஈரத்தோடு வந்தாச்சு. இதுவரை அவர் சொன்னது தப்பவில்லை.

இரண்டாவது, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல் திறந்தபோது போனதோடு சரி, இப்போது சனிக்கிழமைகளில் இரண்டு பிள்ளைகளோடும் போகிறேன். சின்னவனுக்குக் குழந்தைகள் பகுதியில் இருக்கிற பெரிய மரம். பெரியவள் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில் உட்கார்ந்துவிடுகிறாள். சுற்றி முழுக்கப் போட்டித் தேர்வுப் பிள்ளைகள். அந்த அமைதியில் நாற்காலி இழுக்கவே பயமாக இருக்கும்.

மூன்றாவது மாம்பழம். என் ஓட்டு ருமானிக்கு. இமாம்பசந்த் விலைக்கு ருமானி மூன்று கிலோ வாங்கலாம். விவாதத்துக்குத் தயார்.

மாம்பலம் மாமி:

வேப்பம்பூ, அச்சு வடாமெல்லாம் சரி, ஜவ்வரிசி வடாம் போடலையா? கூழ் வடாம் மாதிரி ஆறு மணிக்குள் என்ற அவசரமே கிடையாது. ராத்திரி ஊறப்போட்டு, காலையில் ஜவ்வரிசி முழுக்கக் கண்ணாடியாகும்வரை வேகவிட்டு, கரண்டியால் பிளாஸ்டிக் ஷீட்டில் வட்டவட்டமாக விட்டால் போச்சு. நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் வேகவில்லை என்று அர்த்தம். அப்புறம் பொரிக்கும்போது பல்லுக்கு உத்தரவாதம் இல்லை.

இங்கே அடுக்குமாடியில் எங்களுக்கு மாடிச் சாவியே கொடுப்பதில்லை. சங்கத்தில் கேட்டால் தண்ணீர்த்தொட்டி, பாதுகாப்பு என்று ஏதோ சொல்கிறார்கள். பால்கனியில் காலை இரண்டு மணி நேர வெயில்தான். அதில் போட்டால் மூன்று நாளாகிறது, ஒரு வாடை வந்துவிடுகிறது. சென்னையில் வெயிலுக்குப் பஞ்சம் என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

மூணாவது மாடி:

நாங்கள் நேர் மேலே மொட்டைமாடி உள்ள வீட்டில் இருக்கிறோம். ராத்திரி பதினோரு மணிக்கும் சுவர் சுடுகிறது. ஏசி ஒரு அறையில் மட்டும். ஹாலுக்கு ஏர்கூலர் வாங்கலாமா? பெரிய தொட்டி, தேன்கூட்டு அட்டை, ஐஸ் போடும் இடம் என்று கடைக்காரர் அடுக்குகிறார். கிழக்குக்காற்று சார், உங்கள் கருத்து?

கிழக்குக்காற்று:

வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. கூலர் வேலை செய்வது தண்ணீர் ஆவியாவதால். வெளிக்காற்று காய்ந்திருந்தால்தான் நன்றாக ஆவியாகும். வேலூர், திருச்சி பக்கம் அருமையாக இருக்கும். இங்கே கடற்காற்று வந்ததும் ஈரப்பதம் ஏறிவிடும், அதற்குமேல் கூலர் அறைக்குள் இன்னும் ஈரத்தைத்தான் சேர்க்கும். குளிராது, பிசுபிசுக்கும். ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்தால் கொஞ்சம் தேவலை. ஆனால் அதற்கு ஒரு நல்ல மின்விசிறி போதுமே. எங்கள் மண்பானைக்கும் இதே கணக்குதான். தரைக்காற்று வீசும் நாளில் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், புழுக்கமான நாளில் சுமார்தான்.

உங்கள் பிரச்சினை தளம். பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி இறக்குகிறது. வெள்ளைச் சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சோ அடிக்கச் சொல்லி வீட்டு உரிமையாளரிடம் கேளுங்கள். சாயங்காலம் நாலு வாளி தண்ணீர் ஊற்றுவதைவிட அது நிலையான வழி.

இன்னொன்று, கரண்ட் பில். இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம் என்று எல்லாருக்கும் தெரியும். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது, 101-ல் இருந்தே வேறு விகிதம். மீட்டர் 480-ல் நிற்கும்போதுதான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் மாடிக்காற்றின் மேல் திடீர்க் காதல் வரும்.

காசிமேட்டுக்காரன்:

அக்கா, அண்ணா இரண்டு பேருக்கும் வணக்கம். கோடைப் பதிவு என்கிறீர்கள், மீனைப் பற்றி ஒரு வரி இல்லையே! ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்ததை 2017-ல் கூட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருகட்டும் என்று விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கின்றன. எங்கள் பக்கம் இந்த இரண்டு மாதம் வலை பின்னுவதும் படகுக்கு வர்ணம் அடிப்பதும்தான் வேலை. மரம் அறுக்கிற சத்தமும் டீசல் வாடை இல்லாத காற்றுமாகத் துறைமுகமே வேற மாதிரி இருக்கும்.

ஃபைபர் படகு கரையோரம் போகத் தடையில்லை. அதனால் சின்ன மீன் வரும்: நெத்திலி, காரப்பொடி, சில நாள் சங்கரா. இப்போது கடையில் பெரிய வஞ்சிரத் துண்டம் பார்த்தால் அது ஐஸில் இருந்ததா, வேறு கரையில் இருந்து வந்ததா என்று கேட்டு வாங்குங்கள். கொடுக்கிற விலைக்கு அது நியாயமில்லை. நெத்திலி வாங்குங்கள், விடியற்காலையில் வந்தது பத்து மணிக்குள் தீர்ந்துவிடும்.

வேப்பம்பூ:

தம்பி, சரியாகப் பிடித்தீர்கள். எழுதாமல் விட்டதற்குக் காரணம், மாமியார் இருக்கும்போது இந்த வீட்டில் மீன் என்றால் நெத்திலி மட்டும்தான், அதனால் எங்களுக்குத் தடைக்காலமே உறைக்கவில்லை. திருவான்மியூர் குப்பத்தில் காலை ஏழு மணிக்குப் போனால் ஒரு அக்கா கூறு வைத்திருப்பார். இப்போது கிளிமூக்கு மாங்காய் மலிவு. நெத்திலிக் குழம்பில் கொட்டையோடு நாலு துண்டு போட்டால் புளியைப் பாதியாகக் குறைத்துவிடலாம். மாங்காயைக் கடைசியில் போடவேண்டும், குழைந்தால் ருசி போச்சு. குழம்பு அன்றைக்குச் சுமார், மறுநாள் பழைய சோற்றுக்குத்தான் அதன் உண்மையான வேலை.

மாம்பலம் மாமிக்கு: மாடிச் சாவி இல்லை என்பதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வடாம் காய வைக்க முடியாத ஊரில் வெயிலை எதற்குப் பொறுத்துக்கொள்வது? சங்கக் கூட்டத்தில் "மே மாதம் மட்டும், காலை ஆறு முதல் சாயங்காலம் ஐந்து வரை" என்று நேரம் போட்டுக் கேட்டுப்பாருங்கள். பக்கத்துக் கட்டடத்தில் அப்படித்தான் வாங்கினார்கள், ஆளுக்கு ஒரு பாக்கெட் வடாம் காவலாளி வரைக்கும் போனது. இல்லையென்றால் இங்கே வாருங்கள், மாடியில் இடம் இருக்கிறது. ஜவ்வரிசி உங்கள் பொறுப்பு.

ஓசூர்வாசி:

படிக்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் பூசி மெழுகுகிறீர்களோ என்று தோன்றுகிறது. நான் 2019-ல் வேளச்சேரியில் இருந்தேன். தண்ணீர் லாரிக்குப் பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்தோம், அலுவலகத்தில் வீட்டிலிருந்தே வேலை பாருங்கள் என்றார்கள். கோடை என்றாலே எனக்குக் காலிக்குடம்தான் ஞாபகம். அந்த வருஷத்தோடு ஊரை விட்டேன். நுங்கும் மோரும் இருக்கட்டும், தண்ணீர் நிலவரம் எழுதாமல் சென்னைக் கோடை எழுத முடியுமா?

கிழக்குக்காற்று:

நியாயமான கேள்வி. அந்த வருஷம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நாலும் தரை தட்டிவிட்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையில் இருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்ததை வில்லிவாக்கத்தில் மேளம் வைத்து வரவேற்காத குறை. அதை மறந்துவிட்டுக் கோடையை ரசிக்கச் சொல்லவில்லை.

இப்போது நிலைமை வேறு. மீஞ்சூரில் 2010-ல், நெம்மேலியில் 2013-ல் தொடங்கிய கடல்நீர் ஆலைகள் ஒவ்வொன்றும் நாளுக்கு 10 கோடி லிட்டர். 2024-ல் நெம்மேலியில் இன்னொன்று, 15 கோடி லிட்டர். தென்சென்னைக்கு அது பெரிய ஆறுதல். ஆனாலும் என் பழக்கம் மாறவில்லை. மார்ச் பிறந்தால் நாலு ஏரி மட்டத்தையும் பார்க்கத் தொடங்கிவிடுவேன். நம் ஊரின் மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடுகிறது. அதை அடுத்த வருஷ ஐப்பசி வரை இழுக்கவேண்டும். ஜூனில் சாயங்கால இடிமழை வரும், மண் குளிரும், ஏரி நிரம்பாது. வீட்டுக் கிணற்றில் இப்போது பத்தடியில் தண்ணீர் நிற்கிறது. மாடி மழைத் தண்ணீரைக் கிணற்றில் இறக்கியிருப்பதால்தான். உங்கள் பழைய வேளச்சேரிக் கட்டடத்தில் தூர்ந்துபோன மழைநீர்த் தொட்டியை இப்போதாவது தூர்வாரினார்களா?

ஓசூர்வாசி:

யாருக்குத் தெரியும்! இங்கே போர்வெல் 900 அடி போய்க்கொண்டிருக்கிறது. தப்பி வந்தேன் என்று நினைத்தேன், தண்ணீர்ப் பிரச்சினை பின்னாலேயே ஓடிவந்துவிட்டது. சரி, நுங்கு ஒரு சுளை என்ன விலை?

வேப்பம்பூ:

விலையை விடுங்கள், எப்படி வாங்குவது என்று சொல்கிறேன். கட்டை விரலால் லேசாக அமுக்கினால் உள்ளே தண்ணீர் அசைவது தெரியவேண்டும். கல் மாதிரி இருந்தால் முற்றல், வயிற்றுவலி. தள்ளுவண்டியில் கண் எதிரே சீவித் தருகிறவரிடம் வாங்கவேண்டும். மேல்தோலை உரிக்காமல் சாப்பிடச் சொல்வார் மாமியார், வேர்க்குருவுக்கு அந்தத் தோலைத் தேய்த்துவிடவும் சொல்வார். சின்னவன் முதுகில் தினமும் நடக்கிறது.

மூணாவது மாடி:

கூலர் யோசனையைக் கைவிட்டோம். உரிமையாளர் வெள்ளை அடிக்கப் பாதிக் காசு தருவதாகச் சொல்லியிருக்கிறார், நன்றி. இன்னொரு கேள்வி: பிள்ளைகளை ஆமைக்குஞ்சு பார்க்கக் கூட்டிப்போகலாமா, இல்லை சீசன் முடிந்ததா?

கிழக்குக்காற்று:

அநேகமாக முடிந்தாற்போலத்தான். பங்குனி ஆமைகள் ஜனவரியில் இருந்து வந்து முட்டையிடும், ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சு பொரிக்கும். பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் மார்ச், ஏப்ரல் சாயங்காலங்களில் கடலுக்கு விடுவதைப் பார்க்கலாம். மாணவர்கள் சேர்ந்து நடத்தும் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988-ல் இருந்து நீலாங்கரையில் இருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியில் நடந்து முட்டைகளைப் பாதுகாக்கிறது. இந்த வருஷம் பெரியவள் பரீட்சைக்கு நடுவில் ஒரே ஒரு ராத்திரி போய் வந்தாள். மணல் சூடாக இருந்தால் பெண் குஞ்சுகள், குளிர்ச்சியாக இருந்தால் ஆண் குஞ்சுகள் என்று அங்கே கேட்டு வந்து, "அப்போ கத்திரியில் எல்லாம் பொண்ணுதானாப்பா?" என்றாள். அடுத்த ஜனவரியில் மறக்காமல் கேளுங்கள், சேர்ந்தே போகலாம்.

மாம்பலம் மாமி:

நல்ல செய்தி. சங்கத்தில் ஞாயிறு மட்டும் சாவி தருவதாக ஒத்துக்கொண்டார்கள். இந்த வாரம் ஜவ்வரிசி. வாடை விஷயத்தில் கேட்கிறேன், எலுமிச்சைக்குப் பதில் புளித்த மோர் விடலாமா?

அப்புறம் மாம்பழ வழக்கு என்னாச்சு? தீர்ப்பு வரவில்லையே.

வேப்பம்பூ:

மோர் விட்டால் வெயில் நன்றாக அடிக்கும் நாளாகப் பாருங்கள். காய்வது தாமதமானால் புளிப்பு வாடை மேலே வந்துவிடும். ஒரே நாள் சாவி என்றால் எலுமிச்சைதான் பத்திரம்.

மாம்பழ வழக்கில் என் வாதம் எளிது. இமாம்பசந்த் பச்சையாகத் தெரியும்போதே பழுத்திருக்கும், காம்புப் பக்கம் முகர்ந்தால் போதும். கல் வைத்துப் பழுக்கவைத்த மஞ்சள் பழத்தில் ஏமாறுகிற பயம் குறைவு. கார்பைட் தடை செய்யப்பட்டது என்றாலும் கோயம்பேட்டில் அதிகாரிகள் வருஷா வருஷம் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். நாங்கள் காயாக வாங்கி அரிசிப் பானையில் புதைத்துவிடுகிறோம். திறக்கும்போது அடுப்படி முழுக்க வாசனை. இவர் ருமானியில் அந்த வாசனை வருமா என்று கேளுங்கள்.

கிழக்குக்காற்று:

வாசனையில் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ருமானி நம்ம பக்கத்துப் பழம், ஆப்பிள் மாதிரி உருண்டை, காகிதத் தோல், நார் கிடையாது, கையில் வைத்து உருட்டி நுனியில் ஓட்டை போட்டு உறிஞ்சிவிடலாம். இமாம்பசந்தை அப்படி உறிஞ்சினால் விலை ஞாபகம் வந்து தொண்டையில் நிற்கும். பங்கனபள்ளி முடிந்து எல்லாரும் மாம்பழத்தை மறக்கிற ஜூனில்தான் இது நிறைய வரும். இப்போது கிடைப்பது முன்பழம், புளிக்கும். அதைத் தின்றுவிட்டு தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

காசிமேட்டுக்காரன்:

அண்ணா, ருமானி மலிவாகிற நேரத்தில்தான் எங்கள் படகும் கடலுக்குப் போகும். ஜூன் 15-க்குப் போனால் முதல் பாடு, அதாவது பிடித்த மீன், கரை சேர நாலைந்து நாளாகும். அந்த வாரம் விலை இறங்காது, கூட்டம்தான் வந்து இறங்கும். அடுத்த வாரம் வாருங்கள். விடியற்காலை ஏலத்துக்கு வந்தால் வஞ்சிரம் நான் பார்த்து எடுத்துத் தருகிறேன். ருமானி நீங்கள் கொண்டு வாருங்கள். அக்கா, வடாமும்.